பரிசல் துறையில் நான் போடாத சத்தம்

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து வாசலில் செருப்பை மாட்டும்போதே எனக்குப் பயம் தொடங்கிவிடும். காலை நடைக்குப் போகிறவன் பயந்துகொண்டா போவான் என்று கேட்பீர்கள். நான் அப்படித்தான் போகிறேன். ஆறு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். என் பயம் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

நடை எனக்காக இல்லை, என் மனைவிக்காக. அவளுக்குச் சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பள்ளிபாளையத்தில் நடக்க வேறு இடமா இல்லை? ஸ்கூல் கிரவுண்டு இருக்கிறது. நாலைந்து சுற்று சுற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அவள் ஒரே பிடியாகப் பிடித்தது பரிசல் துறையை.

அவள் சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். அவள் வளர்ந்த காலத்தில் அங்கே குழாயில் தண்ணீர் வருவதே ஒரு விசேஷம். வந்த அன்று குடம், அண்டா, தேக்சா என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்து அடுத்த முறை வரும்வரை ஓட்ட வேண்டும். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம் காவிரியைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் சும்மாவாங்க போகுது?" என்று என்னிடம் கேட்டாள். முப்பது வருஷமாகியும் அவளுக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு ஆற்றைப் பார்த்தால் பயம் தீரவில்லை. நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதும் இல்லை.

எங்கள் தெருவிலிருந்து இறங்கி, இரண்டு தறிப்பட்டறைச் சந்துகளைத் தாண்டினால் துறை. பரிசல் துறை என்று பேர்தான். பாலம் வந்த பிறகு அந்தக் கரை ஈரோட்டுக்குப் பரிசலில் போகிற ஆள் யாரும் இல்லை. மீன் பிடிக்கிறவர்கள் நாலைந்து பேர் பரிசல்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அதுவும் மூங்கில் இல்லை, பைபர். விடியும் நேரத்தில் ஜிலேபி மீனும் கெண்டையும் தராசுத் தட்டில் துள்ளிக்கொண்டிருக்கும். நாலு பெண்கள் துணி துவைப்பார்கள். அங்கிருந்து கரையோரமாகப் பாலம் வரை நடந்து, மேலே ஏறி, மெயின் ரோட்டு டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ, பிறகு வீடு. இதுதான் தினப்படி சுற்று.

இந்தச் சுற்றில் எனக்குப் பயப்படக் காரணம் நிறைய. முதல் சந்தில் ஒரு செவலை நாய். பாலத்தடியில் சத்தமில்லாமல் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும் பேட்டரி ஸ்கூட்டர். ஆனால் அதெல்லாம் சில்லறை. துறையில் மொத்தம் பதினோரு படி. என் மனைவி செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பர்தாவைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தண்ணீர் தொடும் படிவரை இறங்குவாள். காலை உள்ளே விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பாள். நான் மேல்படியில் செருப்புக்குக் காவல். அந்த ஐந்து நிமிஷமும் அவளை விட்டு என் கண் நகராது.

அதே துறையில் நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட லீவு நாட்களில் வெளியூரிலிருந்து குளிக்க வந்து முங்கிப்போகிற பிள்ளைகள். பரிசல்காரர்கள் கொக்கியோடு தேடப் போவார்கள். ஒருமுறை கரையில் கிடத்தியிருந்த ஒரு பையன் மேல் யாரோ லுங்கியைப் போர்த்தியிருந்தார்கள். பச்சைக் கட்டம், ஓரத்தில் ஊதாக் கோடு. என் தறிப்பட்டறையில் நெய்த டிசைன். வீட்டுக்கு வந்து அந்த டிசைனையே நிறுத்திவிட்டேன். காரணம் கேட்ட வியாபாரியிடம் நூல் விலை கட்டவில்லை என்றேன்.

அவளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. சர்க்கரை அப்படித்தான் செய்யும் என்றார் டாக்டரம்மா. போன வருஷம் ஒரு நாள் நடை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் டைல்ஸ் தரையில் வரிசையாக ரத்தச் சுவடு. "இது யாரு காலுங்க?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள். கண்ணாடித் துண்டு அவள் குதிகாலில் புதைந்திருந்தது. துறையிலிருந்து வீடுவரை அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பாசி வழுக்குவது தெரியாத கால், கண்ணாடி குத்துவது தெரியாத கால். அந்தக் காலை வைத்துக்கொண்டு இவள் தினமும் ஆற்றில் இறங்குகிறாள்.

"வேண்டாம்" என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அதாவது காரணத்தோடு சொன்னதில்லை. மழை வரும் போல இருக்கிறது என்பேன். டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பேன். "எத்தன நேரம் நிப்ப, எருமையாட்டம்!" என்று மேல்படியிலிருந்து எரிந்து விழுவேன். பயம் எனக்குள் இருந்து வெளியே வரும்போது கோபமாகத்தான் வரும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "இந்தத் தண்ணி மட்டுந்தாங்க காலுக்குத் தெரியுது. கொஞ்ச நேரம் இருக்க உடுங்க" என்பாள்.

இந்த ஆடியில் மேட்டூரிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். மைக் கட்டிய ஆட்டோ சந்துக்குச் சந்து வந்து, கரைப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று கத்திவிட்டுப் போனது. துறையில் கயிறு கட்டி ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார்கள். தண்ணீர் காப்பி நிறத்தில், மேலிருந்து மூன்றாம் படிவரை ஏறி, மரக்கிளையும் ஆகாயத்தாமரையுமாக இழுத்துக்கொண்டு ஓடியது. ஊரே பயந்தது. நான் மட்டும் நிம்மதியாக இருந்தேன். கயிற்றைத் தொட்டுவிட்டு நாங்கள் திரும்பிவிடுவோம். இரண்டு வாரம், என் வாழ்க்கையிலேயே சுகமான நடை.

பிறகு தண்ணீர் வடிந்தது. ஒரு நாள் காலையில் போனால் கயிறு இல்லை, போலீஸ்காரரும் இல்லை. துணி துவைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பரிசல்காரர் கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆறு முழுசாக அடங்கவில்லை. நடு ஆற்றில் இழுப்பு இருந்தது. வெள்ளம் படிகளின் மேல் ஒரு விரல் கனத்துக்கு வண்டலைப் பூசிவிட்டுப் போயிருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். "மண்ணு கெடக்குது பாரு" என்றேன். "பாத்துக்கறேங்க" என்று இறங்கினாள்.

ஏழாம் படியில் தண்ணீர் நின்றது. அவள் எட்டாம் படியில் காலை வைத்தாள். முதுகு என் பக்கம், முகம் ஆற்றின் பக்கம். இடது கால் மெதுவாக வெளிப்பக்கமாக நகர்வதை நான் பார்த்தேன். கால் நகர்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. அவள் நிம்மதியாக அக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் போதும். ஒரு வார்த்தை. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சட்டென்று கீழே வெட்டினேன். மறுபடியும் தூக்கி வெட்டினேன். வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

இது தறிக்காரனுக்குத்தான் உடனே விளங்கும். முப்பத்தைந்து வருஷம் நான் விசைத்தறிக்குள் நின்றவன். முதலில் கூலிக்கு ஓட்டினேன், பிறகு எட்டுத் தறி சொந்தமாகப் போட்டேன். தறி ஓடும்போது உள்ளே வாயைத் திறந்து பிரயோஜனமில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. எங்களுக்கு எல்லாமே கைதான். நூல் அறுந்தால் ஒரு சைகை, டீ வந்தால் ஒரு சைகை. ஒருவன் வேட்டியோ ஒருத்தி முந்தானையோ மிஷினில் சிக்கப் போகிறது என்றால் இரண்டு கையையும் தூக்கிக் கீழே வெட்ட வேண்டும். தறியை நிறுத்து என்று அர்த்தம். பார்த்தவர் யாராக இருந்தாலும் கைப்பிடியைத் தட்டி நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேர் கையை அப்படி நான் காப்பாற்றியிருக்கிறேன். அன்றைக்குக் காவிரியை நிறுத்தச் சொல்லி, முதுகைக் காட்டி நின்ற என் மனைவிக்குப் பின்னால், அதே சைகையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் போய்விட்டாள். சறுக்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்தாள், இல்லை. பர்தா ஒரு முறை உப்பி மேலே வந்தது, பிறகு கனத்துக் கீழே போனது. என் கால் மேல்படியில் அறைந்துவைத்த மாதிரி நின்றது. கையில் அவள் செருப்பு.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு, துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் நிமிர்ந்தாள். அவளும் தறி ஓட்டுகிறவள், எனக்கு முகம் தெரியும். கையிலிருந்த நனைந்த சேலையை அப்படியே வீசினாள். படியோரத்தில் பரிசல் கட்டுகிற இரும்பு வளையம் ஒன்று உண்டு. என் மனைவி ஒரு கையால் அதைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் சேலை முனை. பரிசல்காரர் துடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து அவளைப் படியில் கிடத்தினார்கள். முழங்கால் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இருமினாள், வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் என் கால் நகர்ந்தது.

துவைக்கிற பெண் மூச்சிரைக்க என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, கையக் காட்டிட்டு நிக்கறீங்க! ஒரு சத்தம் போடக் கூடாதுங்களா?"

கரையில் அதற்குள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது கீழே கிடந்த என் மனைவி தலையைத் தூக்கிச் சொன்னாள்: "போட்டாருங்க. அவரு சத்தம் போட்டதக் கேட்டுத்தான் நான் வளையத்தப் புடிச்சேன்."

அந்தப் பெண் எழுந்தாள். என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், சேலையைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள்.

பேச்சு எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அல்லாஹ் உங்க குரல்ல காப்பாத்திட்டான் என்றார் ஒரு பெரியவர். டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார். கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதாள். "அத்தா, நீங்க மட்டும் பக்கத்துல இல்லன்னா..." நான் "ம்" என்றேன். ஒவ்வொரு "ம்"முக்கும் உள்ளே ஏதோ அறுந்தது.

அதற்கு மேல் புதுசாக ஒரு பயம் சேர்ந்தது. அந்தத் துவைக்கிற பெண். அவளுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு நாள் யாரிடமாவது சொல்லிவிடுவாள். ஷிப்டு முடிந்து அவள் வருகிற நேரம் பார்த்து நான் அடுத்த சந்தில் நுழைந்துவிடுவேன். இந்த வயதில் ஒரு பொம்பளைப் பிள்ளைக்குப் பயந்து ஒளிகிறேனே என்று எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

அது பயமா, கைப் பழக்கமா? இதையே போட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், வாடகைக்கு விட்டிருக்கும் என் பட்டறைக்குள் போனேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் நின்று என் மனைவி பேரைச் சொல்லி அடித்தொண்டையில் கத்தினேன். தொண்டை எரிந்தது. யாரும் தலையைத் திருப்பவில்லை. எனக்கே கேட்கவில்லை. குரல் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அப்படியானால் அன்றைக்கு வராதது குரல் இல்லை, நான்தான்.

முழங்கால் தையல் ஆறி ஒரு மாதம் கழித்து அவள் வாசலில் செருப்பை மாட்டினாள். "கிரவுண்டுக்குப் போலாம்" என்றேன். "மண்ணுல எதுக்குங்க சுத்தோணும்?" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னால் போனேன். முதல் சந்தில் செவலை நாய் குரைத்தது, அது என் கண்ணிலேயே படவில்லை. தறிச் சந்து இரண்டையும் தாண்டும்வரை பேச முடியாது. சத்தம் குறைந்ததும், கவிழ்த்து வைத்த பரிசல்களுக்குப் பக்கத்தில், அவளை நிறுத்தினேன்.

"அன்னிக்கு நான் சத்தம் போடல."

"தெரியுமுங்க."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"அத்தன பேரு முன்னாடி அந்தப் புள்ள கேட்டுப்போட்டா. நான் என்னத்தச் சொல்றது? எங்கூட்டுக்காரரு பாத்துட்டு நின்னாருன்னு சொல்றதா?" பர்தா ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "தண்ணி காதுக்குள்ள போறப்பவும், இப்பக் கூப்புடுவாரு, இப்பக் கூப்புடுவாருன்னுதான் இருந்தேன். வேற நெனப்பே இல்லீங்க."

தறியில் கை காட்டுகிற பழக்கத்தைச் சொல்ல வந்தேன். பாதியில் விட்டுவிட்டேன். அது நிஜம்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒளிய எனக்கு மனசு வரவில்லை. "பயம்" என்றேன். "அன்னிக்கு மட்டும் இல்ல. நீ எறங்குறப்பல்லாம் பயம். ஆறு வருஷமா தெனமும். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது."

கோபப்படுவாள் என்று நினைத்தேன், இல்லை. அவள் கண் கலங்கியது.

"இத மொதல் நாளே சொல்லியிருந்தா நான் எறங்கியே இருக்க மாட்டேனுங்களே" என்றாள். "மழைங்கறீங்க, டீக்கடைங்கறீங்க, எருமைங்கறீங்க. உங்களுக்கு நான் நிக்கறது புடிக்கலன்னுதான் நெனச்சேன். பயம்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லிவிட்டுப் படிப் பக்கம் போகாமல், பாலத்தை நோக்கிக் கரையோரமாக நடக்க ஆரம்பித்தாள். முழங்கால் இன்னும் முழுசாக மடங்காததால் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆறு வருஷமாக எதற்காகத் துஆ கேட்டேனோ அது நடந்துவிட்டது. இனி அவள் இறங்க மாட்டாள். எனக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அவள் காலுக்குத் தெரிகிற ஒன்றே ஒன்றை என் வாய் பிடுங்கிவிட்டது என்று புரிந்தபோது அங்கேயே நின்றுவிட்டேன். அதுவும் பயம்தான், வேறு மாதிரிப் பயம்.

"நில்லு!" என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசோடு திரும்பினார். துவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் திரும்பினாள். "வா, நானும் எறங்கறேன்!"

வண்டலை மழை கழுவியிருந்தது. இருந்தும் ஒவ்வொரு படியையும் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவளை இறங்கவிட்டேன். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். தண்ணீர் முதலில் என் விரலைத் தொட்டது, பிறகு கணுக்காலை. ஐஸ் மாதிரி இருந்தது. அடியில் ஏதோ இழுக்கிற மாதிரி இருந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்று ஒவ்வொரு நொடியும் தோன்றியது. அவள் கையை நான் பிடித்திருந்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவள்தான் என் கையைப் பிடித்திருந்தாள்.

"இப்படி நடுங்குதே" என்றாள்.

"பயமா இருக்குது."

"போலாமா?"

"இன்னும் ரெண்டு நிமிசம் நில்லு" என்றேன்.